தடிமன் வண்ணப்படத்தை நம்பி அச்சு வெட்டலாமா?

ஜூன் 2, இரவு 9.15 (கேள்வி)

எங்கள் வடிவமைப்புப் பிரிவில் புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்கள். பாகத்தின் முப்பரிமாண மாதிரியை ஏற்றினால் சில நிமிடங்களில் தடித்த இடம் சிவப்பு, மெல்லிய இடம் நீலம் என்று வண்ணம் பூசிக் காட்டுகிறது. உலோகம் எது, எத்தனை டிகிரியில் ஊற்றுகிறோம், அச்சு மணலா எஃகா என்று எதையும் அது கேட்பதில்லை. இதை வைத்து வார்ப்பையும் அச்சையும் மதிப்பிடலாம் என்கிறார்கள். வண்ணம் அடித்துவிட்டால் உலோகம் சுருங்காமல் இருந்துவிடுமா? அனுபவமுள்ள பேட்டர்ன்காரர் (மணல் அச்சு எடுக்க மாதிரி செய்பவர்) வரைபடத்தைப் பார்த்ததுமே எங்கே குழி விழும் என்று விரல் வைத்துச் சொல்வார். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? செய்தால் முழு சிமுலேஷன் (உலோகம் நிரம்பி உறைவதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது) செய்யுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஜூன் 3, காலை 7.30

மறுக்கிறேன்.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம்தான். சுருக்கக் குழி கையில் இல்லையே, நாலு பக்கமும் உலோகம் மூடிய இடத்தில் அல்லவா இருக்கிறது. பேட்டர்ன்காரர் விரல் வைத்துச் சொல்வதும் மந்திரம் அல்ல. அவர் மனத்துக்குள் ஒரு வட்டத்தை உருட்டிப் பார்க்கிறார். குறுக்குவெட்டில் எங்கே பெரிய வட்டம் அடங்குகிறதோ அந்த இடம் கடைசியில் உறையும்; சுருக்கத்தை நிரப்ப வேறு உலோகம் மிச்சமில்லாமல் அங்கேதான் குழி விழும். வார்ப்புப் பாடங்களில் ஹ்யூவர்ஸ் வட்டம் என்று வருவது இதுதான். மென்பொருள் அந்த வட்டத்தைக் கோளமாக்கி, ஒரு வெட்டில் மட்டும் இல்லாமல் பாகம் முழுவதும் உருட்டுகிறது. பேட்டர்ன்காரர் பார்க்கத் தவறும் வெட்டையும் அது விடாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

உலோகத்தைக் கேட்காமல் எப்படிச் சொல்கிறது என்பது நல்ல கேள்வி. க்வோரினோவ் 1940இல் வெளியிட்ட விதியை நினைத்துப் பாருங்கள். உறையும் நேரம், கன அளவைக் குளிரும் பரப்பால் வகுத்து, அந்த ஈவின் வர்க்கத்தை ஒரு மாறிலியால் பெருக்கினால் கிடைக்கும். உலோகம், அச்சுப் பொருள், ஊற்றும் வெப்பநிலை எல்லாம் அந்த மாறிலிக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரே வார்ப்பு, ஒரே மணல் என்றால் மாறிலி எல்லா இடத்துக்கும் பொது. எத்தனை நொடியில் உறையும் என்று இந்தப் படம் சொல்லாது, சொல்வதாக வேடமும் போடவில்லை. எது முந்தி, எது பிந்தி என்ற வரிசையைச் சொல்கிறது. வடிவமைப்பு மேசையில் முதலில் தேவைப்படுவது அந்த வரிசைதான்.

ஜூன் 3, இரவு 10.05

காலையில் எழுதியதற்கு ஒரு வால் சேர்க்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் யாராவது படத்தை அப்படியே விழுங்கிவிடுவார்கள்.

கோளத்தின் விட்டமும் க்வோரினோவ் சொல்லும் கன அளவு-பரப்பு விகிதமும் ஒன்றல்ல. 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள அகலமான தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முகங்களில் குளிர்கிறது, விகிதம் 10 மில்லிமீட்டர். 60 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்துக்கு ஆறு முகங்கள், 60ஐ 6ஆல் வகுத்தால் அதுவும் 10. விதிப்படி இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உறைய வேண்டும். தடிமன் படத்தில் தகடு 20 என்று நீலமாகவும் கனசதுரம் 60 என்று செக்கச்செவேல் என்றும் வரும்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஒரே கோளம் அடங்கும் மூன்று வடிவங்கள்: அகலத் தகடு, நீண்ட உருளை, தனிக் கோளம். படத்தில் மூன்றுக்கும் ஒரே நிறம். விகிதமோ விட்டத்தில் பாதி, கால், ஆறில் ஒன்று. வர்க்கப்படுத்தினால் தகடு உறைய 9 பங்கு நேரம், உருளைக்கு 2.25, கோளத்துக்கு 1. மணல் அச்சில் குவிந்த பரப்பிலிருந்து வெப்பம் விரிந்து பரவுவதால் உருளையும் கோளமும் இதைவிடவும் சற்று முந்தும். ஆகவே நுனியில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும் குமிழ் சிவப்பாகத் தெரிந்தால் உடனே பதற வேண்டாம். நடுச் சுவரில் அதே சிவப்பு என்றால் பதறலாம்.

ஜூன் 4

கோளம் என்று நான் சொன்னதற்கு, எங்கள் மென்பொருள் கோடு விட்டு அளக்கிறதே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆம், இரண்டு வகையும் உண்டு. பரப்பிலிருந்து செங்குத்தாக உள்ளே ஒரு கோடு விட்டு, எதிர்ப்பக்கம் இடிக்கும் தூரத்தைத் தடிமன் என்று எடுப்பது ஒரு வகை. அது வேகமானது, சீரான சுவருக்குப் போதும். இரண்டு சுவர் சேரும் சந்தியில் அது உளறும். ரிப்பின் (சுவரில் செங்குத்தாக நிற்கும் வலுவூட்டும் விலா) நேர் எதிரே உள்ள முகத்திலிருந்து விட்ட கோடு ரிப்பின் உயரம் முழுவதும் ஓடி, 120 மில்லிமீட்டர் தடிமன் என்று சொல்லும். ஒரு புள்ளி தள்ளி நின்றால் 20. சந்திகளைப் பார்க்க வேண்டுமானால் கோள முறைக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள். எது ஓடுகிறது என்று தெரியாமலே அறிக்கையில் படத்தை ஒட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 6

சந்தி என்றதும் ஃபில்லட் (உள்மூலையைக் கூராக விடாமல் வளைத்து நிரப்புவது) பற்றிய பழைய சண்டை நினைவுக்கு வந்தது. அதைக் கணக்குப் போட்டே தீர்த்துவிடலாம், தாளும் பென்சிலும் போதும்.

20 மில்லிமீட்டர் சுவர். அதன் மேல் செங்குத்தாக 20 மில்லிமீட்டர் ரிப். உள்மூலை கூராக இருந்தால் சந்தியில் அடங்கும் வட்டத்தின் விட்டம் 25. சுவரைவிட 1.25 மடங்கு, வர்க்கப்படுத்தினால் உறைய ஏறத்தாழ 1.56 மடங்கு நேரம். மூலையில் 10 மில்லிமீட்டர் ஆரத்தில் ஃபில்லட் கொடுத்தால் விட்டம் 30 ஆகிறது, நேரம் 2.25 மடங்கு. வடிவமைப்பாளர் தாராளமாக 20 மில்லிமீட்டர் ஆரம் கொடுத்தால் விட்டம் 35, நேரம் மூன்று மடங்கைத் தாண்டுகிறது. வலிமைக்காக என்று வளைத்த மூலை வயிற்றில் குழியைச் சுமக்கிறது.

அப்படியானால் கூர்மூலையே நல்லதா? படத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். படம் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்கிறது. கூரான உள்மூலையில் இரண்டு பக்கமும் உலோகம் அணைத்த மணல் முனை சீக்கிரமே சூடேறி, அதன் பிறகு வெப்பத்தை இழுக்காமல் நின்றுவிடும். அந்த இடத்தில் தோல் மெலிதாகவே உறையும். வார்ப்பு சுருங்கும்போது இழுவை எல்லாம் அங்கே குவிந்து விரிசல் விடும். ஃபில்லட் வேண்டும், அளவாக வேண்டும். சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை வேறு வழியில் பார்ப்பது என் பழக்கம். நான்கு சுவர்கள் கூடும் சிலுவைச் சந்தி வந்தால் இரண்டு டி (T) வடிவச் சந்தியாகத் தள்ளி வைக்கச் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் வடிவமைப்பாளர் அழகு கெடுகிறது என்பார்.

ஜூன் 6, பின்னிரவு

35 மில்லிமீட்டருக்கு மூன்று மடங்கு எப்படி என்று கேட்டவருக்கு: 35ஐ 20ஆல் வகுத்தால் 1.75. அதன் வர்க்கம் 3.06. தூக்கம் வரவில்லை என்றால் 5 மில்லிமீட்டர் ஃபில்லட்டுக்கும் போட்டுப் பாருங்கள்.

ஜூன் 9

இப்போது எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தரும் விஷயத்துக்கு வருகிறேன்: வண்ண அளவுகோல்.

பெரும்பாலான மென்பொருள்கள் அளவுகோலைத் தாமாகவே அமைத்துக்கொள்கின்றன. அந்தப் பாகத்தில் எது மிகத் தடித்ததோ அதற்குச் சிவப்பு, எது மிக மெல்லியதோ அதற்கு நீலம். இதன் விளைவு என்ன? எந்தப் பாகத்தை ஏற்றினாலும் ஏதோ ஓர் இடம் சிவப்பாகவே இருக்கும். நல்ல வடிவமைப்பில் உள்ள 22 மில்லிமீட்டரும் மோசமான வடிவமைப்பில் உள்ள 34 மில்லிமீட்டரும் ஒரே சிவப்பு. இரண்டு மாற்று வடிவங்களை அருகருகே அச்சிட்டு வைத்துக்கொண்டு, இரண்டிலும் சிவப்பு இருக்கிறது, ஆகவே மாற்றத்தால் பயனில்லை என்று ஒரு கூட்டம் முடிவெடுக்கப் போனது. நான் அந்த மேசையில் இருந்தேன். அளவுகோல் எண்களை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் ஒட்டியிருந்தார்கள், தாளில் இடமில்லையாம்! எண்களைத் திரும்ப ஒட்டச் சொன்ன பிறகுதான் பேச்சு திசை மாறியது.

ஒப்பிடப் போகும் எல்லாப் படங்களுக்கும் ஒரே மேல் எல்லை, ஒரே கீழ் எல்லை. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வானவில் வண்ண வரிசையும் ஏமாற்றும். மஞ்சள் பளிச்சென்று இருப்பதால் கண் அங்கே ஒரு விளிம்பைக் காண்கிறது, உண்மையில் தடிமன் அங்கே சீராக ஏறிக்கொண்டிருக்கும். பச்சைப் பட்டைக்குள் பெரிய ஏற்ற இறக்கம் இருந்தாலும் எல்லாம் ஒரே பச்சையாகத் தோன்றும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத பார்வை உள்ளவர்களும் கூட்டத்தில் இருப்பார்கள், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கருமையிலிருந்து வெளிர்மைக்கு ஒரே சீராக ஏறும் வரிசை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அழகு குறையும், அறிக்கையைப் பார்த்து யாரும் வியக்க மாட்டார்கள்.

ஜூன் 10

"பேசாமல் மாதிரியை நிர்வாகத்துக்குப் பிடித்த நிறத்தில் அச்சடித்துக் கொடுத்துவிடலாமே" என்று ஒருவர். கொடுக்கலாம். நீலம்தான் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஜூன் 13

பாகத்தைப் பற்றியே பேசுகிறோம், அச்சை மறந்துவிட்டோம். கேள்வி கேட்டவரும் 'வார்ப்பையும் அச்சையும்' என்றுதான் எழுதியிருந்தார்.

டை காஸ்டிங் (எஃகு அச்சுக்குள் உலோகத்தை அழுத்தத்தோடு செலுத்தும் வார்ப்பு) செய்பவர்களுக்கு இந்த முறையில் என்னைக் கவர்ந்த பயன், அதே கணக்கைத் தலைகீழாகப் போடுவது. பாகத்தின் தடிமனுக்குப் பதில் அச்சு எஃகின் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். பாகத்தில் தடித்த இடம் ஆபத்து. அச்சில் மெல்லிய இடம் ஆபத்து. இரண்டு ரிப்புகளுக்கு நடுவே நிற்கும் எஃகு நாக்கு, ஆழமான துளைக்குள் நுழையும் ஒல்லியான பின், திருகுத் தூணுக்கும் வெளிச் சுவருக்கும் இடையில் மாட்டிக்கொண்ட எஃகுத் துண்டு ஆகிய மூன்றும் பல பக்கங்களிலிருந்து வெப்பத்தை வாங்குகின்றன, விட்டுத் தள்ள வழி ஒன்றே ஒன்று, வேர்ப்பக்கம். ஒவ்வொரு ஷாட்டிலும் சூடு ஏறிக்கொண்டே போகும். அலுமினியத்துக்கு இரும்பின் மேல் ஒட்டும் குணம் உண்டு. ஏ380 என்ற அலுமினியக் கலவையில் இரும்பை 1.3 சதவீதம் வரை அனுமதிப்பதற்கு இந்த ஒட்டலைத் தடுப்பதே முக்கியக் காரணம். ஆனாலும் சூடேறிய நாக்கில் ஒட்டத்தான் செய்யும். ஒட்டியதைத் தேய்த்தெடுக்க இயந்திரத்தை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் அச்சு ஆறும், ஆறி மறுபடி சூடேறும் ஒவ்வொரு சுற்றிலும் மேற்பரப்பில் வெப்ப விரிசல் வளரும்.

நான் பார்த்த ஓர் அச்சில் பாகத்தின் படம் குறை சொல்ல முடியாத அளவுக்குச் சீராக இருந்தது, சுவரெல்லாம் 3 மில்லிமீட்டர். அச்சுப் பக்கம் தலைகீழாக்கிப் பார்த்தால் ரிப்புகளுக்கு நடுவே ஓர் எஃகு நாக்கு 4 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் உயரம். அதற்குள் குளிர்நீர்த் துளை போட இடமே இல்லை. ஒரு ரிப்பைத் தள்ளி வைத்தால் தீர்ந்துவிடும் விஷயம். பாகத்தை வடிவமைத்தவருக்கு அந்த ரிப்பு எங்கே நின்றாலும் ஒன்றுதான், ஆனால் யாரும் அவரிடம் கேட்டதில்லை. அந்தப் படத்தைக் காட்டியதும் தள்ளி வைத்துவிட்டார். பாக வடிவமைப்பாளருக்கு எஃகு நாக்கின் கஷ்டத்தை வாயால் விளக்கிப் பாருங்கள், எத்தனை நேரம் ஆகிறதென்று தெரியும்.

ஜூன் 13, மாலை

டிராஃப்ட் சரிவையும் (பாகம் அச்சிலிருந்து எளிதில் வெளிவர முகங்களுக்குக் கொடுக்கும் சாய்வு) இதே மாதிரி வண்ணத்தில் காட்டச் சொல்லலாமே என்று கேட்டவருக்கு: ஆம், அது பெரும்பாலான முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருள்களில் இருக்கிறது. வெளியேறும் திசையைக் கொடுத்தால் சரிவு போதாத முகத்தையும் எதிர்ச்சரிவுள்ள முகத்தையும் தனி நிறத்தில் காட்டும். அதில் விவாதிக்க ஒன்றுமில்லை, செய்யாமல் அச்சு வெட்டக் கூடாது.

ஜூன் 17

இனி என் எதிர்க்கட்சிக்காரருக்குச் சாதகமாகக் கொஞ்சம்.

உலோகத்தைக் கேட்காத படம் உலோகத்தால்தான் தோற்கும். திரவ அலுமினியம் உறையும்போது கன அளவில் சுமார் 6 முதல் 7 சதவீதம் குறைகிறது. உருக்கு சுமார் 3. சாம்பல் வார்ப்பிரும்பிலோ உறையும்போது கிராஃபைட் பிரிந்து விரிவதால் சுருக்கத்தின் பெரும்பகுதி ஈடாகிவிடும், அச்சு மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். ஒரே வடிவம், ஒரே சிவப்பு. ஒன்றில் குழி, இன்னொன்றில் ஒன்றுமில்லை. கலவை உறையத் தொடங்கும் வெப்பநிலைக்கும் உறைந்து முடியும் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியையும் படம் அறியாது. இடைவெளி குறுகிய கலவையில் குழி ஓர் இடத்தில் திரண்டு நிற்கும். அகன்றதில் நுண்துளைகளாகச் சிதறி, எக்ஸ்ரேயில் மங்கலாகவும் கசிவுச் சோதனையில் தெளிவாகவும் தெரியும்.

ஊற்றும் வெப்பநிலையும் அப்படித்தான். ஒரு கிலோ அலுமினியம் உறைய வெளியேற்ற வேண்டிய மறைவெப்பம் சுமார் 397 கிலோஜூல். 100 டிகிரி கூடுதலாகச் சூடாக்கி ஊற்றினால் அதன் மேல் இன்னும் சுமார் 108 கிலோஜூல், ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. ஊற்றுவாய்க்கு அருகே தொடர்ந்து சூடான உலோகம் ஓடிய சுவர் படத்தில் நீலமாக இருந்துகொண்டே நிஜத்தில் கடைசியாக உறையலாம். அச்சுச் சுவரோடு சில் (வெப்பத்தை வேகமாக இழுக்க வைக்கும் உலோகத் துண்டு) வைத்த இடம் சிவப்பாக இருந்துகொண்டே முதலில் உறையலாம்.

உருக்குக்காரர்கள் 1982இலிருந்து நியாமா அளவீட்டைப் பயன்படுத்துகிறார்கள். உறையும் இடத்தில் வெப்பச் சரிவை (தூரத்தோடு வெப்பநிலை மாறும் வீதம்), குளிரும் வேகத்தின் வர்க்கமூலத்தால் வகுப்பது. அந்த எண் குறைவாக உள்ள இடத்தில் நடுக்கோட்டு நுண்குழிகள் வரும். அதற்கு வெப்பக் கணக்கு முழுவதும் ஓட வேண்டும், வடிவத்தை வைத்து அதைக் கறக்க முடியாது. நீண்ட சீரான தகட்டைத் தடிமன் படத்தில் பாருங்கள்: ஒரே நிறம், குற்றமே இல்லை. நியாமா படத்தில் அதே தகட்டின் நடுவில் ஒரு கோடு இழுத்தாற்போல எச்சரிக்கை வரும். வெப்பச் சரிவே இல்லாத இடம் அது. எந்தத் திசையிலிருந்து உலோகம் வந்து நிரப்பும்?

ஜூன் 18

"ஆக, ஒப்புக்கொண்டீர்கள்" என்று கேள்வி கேட்டவர் வெற்றி முழக்கம் இட்டிருக்கிறார். இல்லை ஐயா. முழு சிமுலேஷன் வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? அது ஓட, ரன்னர் (உலோகம் ஓடிவரும் கால்வாய்) எங்கே, ரைசர் (சுருக்கத்தை நிரப்ப உலோகம் தேக்கி வைக்கும் தூண்) எங்கே, ஊற்றும் நேரம் எவ்வளவு, அச்சுக்கும் உலோகத்துக்கும் இடையே வெப்பம் கடக்கும் வேகம் எவ்வளவு என்று எல்லாம் கொடுக்க வேண்டும். அதற்குள் பாகத்தின் வடிவம் இறுகிவிட்டிருக்கும். தடிமன் படம் ஓடும் வேளையில் வடிவமைப்பாளர் இன்னும் அழிரப்பரைக் கீழே வைக்கவில்லை. எனக்கு அந்த வேளைதான் முக்கியம்.

ஜூன் 22

உலோகம் நிரம்புவதைக் காட்டும் அசைபடம் பற்றியும் ஒரு கேள்வி வந்திருக்கிறது. இதில் நான் வடிவக் கணக்கை மிகவும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

ஊற்றுவாயிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள தூரத்தை அளந்து, தூரம் கூடக்கூடக் கடைசியில் நிரம்பும் என்று வண்ணம் பூசுவது எளிய முறை. குளத்தில் நீர் பரவுவதுபோல உலோகம் பரவும் என்ற அனுமானம் அதில் ஒளிந்திருக்கிறது. டை காஸ்டிங்கில் ஊற்றுவாயில் வேகம் நொடிக்கு 30 முதல் 50 மீட்டர். அச்சு நிரம்ப ஒரு நொடியில் நூறில் சில பங்கு. அந்த வேகத்தில் உலோகம் பீச்சியடித்துக்கொண்டு எதிர்ச்சுவர் வரை நேராகப் போய் மோதி, ஓரங்களில் வளைந்து திரும்பி வரும். கடைசியில் நிரம்பும் இடம் ஊற்றுவாய்க்குப் பக்கத்திலேயே, அதன் இரு தோள்களிலும் இருக்கலாம். தூரப் படத்தை நம்பி ஓவர்ஃப்ளோவையும் (முதலில் வரும் உலோகம் வழிந்து சேரும் குழி) வென்டையும் (காற்று வெளியேறும் வழி) எதிர்க்கோடியில் வைத்தால், காற்று இந்தப் பக்கம் சிறைப்படும். பீச்சும் திசையையும் சேர்த்துக் கணக்கிடும் வடிவ முறைகள் இதைவிடத் தேவலாம்.

புவியீர்ப்பில் ஊற்றுவதற்கு வேறு அளவுகோல். அலுமினியம் அச்சுக்குள் நுழையும் வேகம் நொடிக்கு அரை மீட்டரைத் தாண்டினால் மேற்பரப்பு உடைந்து, ஆக்சைடு தோல் மடிந்து உள்ளே போகும் என்பது வார்ப்பு ஆய்வாளர் ஜான் கேம்ப்பெல் வலியுறுத்தி வந்த வரம்பு. அரை மீட்டர் வேகம் வர எவ்வளவு உயரத்திலிருந்து விழ வேண்டும்? வெறும் 12.7 மில்லிமீட்டர். விரல் அகலத்துக்கும் குறைவு. ஆகவே நிரம்பும் அசைபடத்தில் வெப்பநிலை வண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஊற்றுவாயில் வேகத்தை வண்ணமாக்கிப் பாருங்கள். படம் குதூகலமாகத் தெறித்துக்கொண்டு ஓடினால் வார்ப்பு கெடுகிறது என்று பொருள். மிகவும் சலிப்பூட்டும் அசைபடம் எதுவோ அதுவே நல்ல ஊற்று முறை.

ஜூன் 25

சுருக்கமாக ஒன்று. வாக்ஸல் (மாதிரியை மென்பொருள் பிரிக்கும் சிறு கனசதுரக் கட்டம்) அளவைக் கவனிக்காமல் 3 மில்லிமீட்டர் சுவரை 2 மில்லிமீட்டர் கட்டங்களால் அளந்து, 'சுவரெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கிறதே, மென்பொருள் பழுதா' என்று கேட்டால் நான் என்ன சொல்வது? சுவரின் குறுக்கே மூன்று கட்டங்களாவது வேண்டும். கட்டத்தைப் பாதியாக்கினால் எண்ணிக்கை எட்டு மடங்கு என்பதையும் நினைவில் வையுங்கள். 300 மில்லிமீட்டர் கனசதுரப் பெட்டியில் 1 மில்லிமீட்டர் கட்டம் 2 கோடியே 70 லட்சம், அரை மில்லிமீட்டர் என்றால் 21 கோடியே 60 லட்சம். கணினி மூச்சு வாங்கும்.

ஜூன் 29

படத்தைப் பார்ப்பதில் எனக்கு அதிகம் உதவிய வழக்கம் ஒன்றைச் சொல்லவில்லை.

வண்ணம் பூசிய மேற்பரப்பைப் பார்ப்பதை விடுங்கள், அது வெளித்தோல். 'இந்த அளவுக்கு மேல் தடித்த பகுதியை மட்டும் காட்டு' என்று சொல்லும் வசதி இருக்கும். மேல் எல்லையில் தொடங்கி அந்த அளவை மெதுவாகக் கீழே இழுங்கள். முதலில் ஒரு தீவு தோன்றும். பிறகு இன்னொன்று. இறக்க இறக்கத் தீவுகள் பெரிதாகும், ஓர் அளவில் இரண்டு தீவுகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டும் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் அவற்றுக்கு இடையே உள்ள கழுத்து. தீவின் உச்சம் 28, கழுத்து 26 என்றால் உலோகம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடைசி வரை ஓடி நிரப்பும், இரண்டுக்கும் ஒரே ரைசர் போதும். தீவு 28, கழுத்து 12 என்றால் கழுத்து முன்னதாகவே உறைந்து வழியை அடைத்துவிடும். தீவு பட்டினி கிடக்கும். ஒன்று அந்தத் தீவுக்குத் தனி ரைசர், அல்லது சில், அல்லது கழுத்தைத் தடிக்க வைத்தல், அல்லது தீவையே கரைத்தல்.

பழைய ரைசர் விதியும் இதையே சொல்கிறது: வார்ப்பு, கழுத்து, ரைசர் ஆகியவற்றின் விகிதங்கள் 1, 1.1, 1.2 என்று ஏற வேண்டும். ரைசர் வரை போகும் பாதையில் ஒவ்வொரு படியும் முந்தையதைவிடப் பிந்தி உறைய வேண்டும். அளவை இறக்கிக்கொண்டே வரும்போது முதலில் தோன்றும் தீவு ரைசராக இருக்க வேண்டும், வார்ப்பு அதிலிருந்து கிளைத்து வளர வேண்டும். வார்ப்புக்குள் தனித்து முளைக்கும் தீவு ஒவ்வொன்றும் பதில் கேட்கும் கேள்வி.

இப்படிப் பார்த்துக் குறித்த இடங்களை, முதல் வார்ப்பு வந்ததும் அறுத்துப் பார்ப்பேன். அறுத்த முகத்தைப் படத்தின் அதே வெட்டோடு வைத்து ஒப்பிடுவேன். தீவு இருந்தும் குழி இல்லாத இடங்கள் வரும். அவை பெரும்பாலும் நான் ஜூன் 3 இரவு எழுதிய, துருத்தி நிற்கும் குமிழ்கள். தீவே இல்லாமல் குழி இருந்த இடங்களும் வந்தன. அவற்றில் திரும்பத் திரும்பக் கண்ட குற்றவாளி ஒல்லியான மணல் கோர் (வார்ப்பில் துளை விழ அச்சுக்குள் வைக்கும் மணல் துண்டு). அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஜூலை 1

மணல் கோர்.

50 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள தூண், நடுவில் 12 மில்லிமீட்டர் துளைக்கு ஒரு கோர். படம் என்ன சொல்லும்? சுவர் 19 மில்லிமீட்டர், பச்சை, பிரச்சினை இல்லை. நிஜத்தில் அந்த ஒல்லிக் கோரைச் சுற்றிலும் உருகிய உலோகம். விரைவிலேயே அது உலோகத்தின் சூட்டை நெருங்கிவிடும். அதன் பிறகு துளையின் பரப்பில் குளிர்ச்சியே கிடையாது. தூண் கிட்டத்தட்ட 50 மில்லிமீட்டர் திடமான தூணைப் போலவே உறையும், குழி கோரை ஒட்டியே விழும். துளையைக் கடைந்து முடித்த பிறகுதான் தெரியவரும், அத்தனை வேலைக்கூலியும் ஏறிய பின். தடிமன் கணக்கு எல்லாப் பரப்பையும் குளிரும் பரப்பாக எண்ணுவதால் வரும் கோளாறு இது. ஒல்லியான மணல் கோர் என்றால் மாதிரியில் துளையை அடைத்துவிட்டு இன்னொரு தடவை படம் எடுங்கள். உண்மை இரண்டு படங்களுக்கும் நடுவே, அடைத்த படத்தின் பக்கமாகச் சாய்ந்து இருக்கும்.

ஜூலை 4

கேள்வி கேட்டவர் கடைசியில் தன் பாகத்தின் படத்தையே போட்டுவிட்டார். மகிழ்ச்சி. கட்சி மாறிவிட்டாரா என்று கேட்கப் போவதில்லை.

படத்தில் எண்கள் இல்லை, சரிவர எதுவும் சொல்ல முடியவில்லை. நிறத்தை வைத்துச் சொன்னால், அடித்தகட்டின் ஓரத்தில் உள்ள நான்கு பொருத்துத் தூண்களும் சிவப்பு. மூன்று தூண்கள் மூலையில், மூன்று பக்கம் திறந்து நிற்கின்றன. அவற்றை இப்போதைக்கு விடுங்கள். நான்காவது, நீண்ட சுவரின் நடுவில் ரிப்போடு ஒட்டி நிற்பது, அதைப் பார்த்துத்தான் எனக்குக் கவலை. நீங்கள் கேட்டது போல நடுவில் 10 மில்லிமீட்டர் மணல் கோர் வைத்தால் படம் பச்சையாகிவிடும், தூண் ஆகாது. காரணம் மேலே இருக்கிறது. அதற்குப் பதில் தூணின் வெளிவிட்டத்தைக் குறைத்து, ரிப்பைத் தூணின் மையத்தில் சேர்க்காமல் பக்கவாட்டில் தள்ளுங்கள். திருகுக்கு எவ்வளவு சுவர் தேவை என்று பொருத்துகிறவர்களிடம் கேட்டால், வரைபடத்தில் உள்ளதைவிடக் குறைவாகவே சொல்வார்கள். அதுவும் முடியாதென்றால் தூணின் அடியில் ஒரு சில்.

மாற்றிய மாதிரியைக் கோள முறையில் ஓட்டி, பழையதற்கும் புதியதற்கும் ஒரே மேல் எல்லை வைத்து, எண்களோடு போடுங்கள். தூணுக்கும் ரிப்புக்கும் இடையே தீவு எந்த அளவில் ஒட்டுகிறது என்பதையும் குறித்து எழுதுங்கள். ரைசரை எந்தப் பக்கம் வைப்பது என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.